ட்ரிங்கோவில இருந்து டிட்பின்பில்லா: குடும்பத்தோட ஒரு நாள் ஸ்பேஸ் டிஷ் பாக்கப் போற ஆக்களுக்கு முழு வழிகாட்டி

திருகோணமலை உவர்மலைப் பக்கம் என்னைக் காணுற ஆக்கள் எல்லாம் இப்ப ஒரே கேள்விதான், "அந்தப் பெரிய டிஷ்ஷுக்கு முன்னால பிள்ளையள் நிண்ட ஃபோட்டோ எங்க எடுத்தது, எங்கட மகளும் அங்கதானே இருக்கிறா, நாங்களும் போகலாமோ?" எண்டு. அது ஆஸ்திரேலியாவில கன்பராவுக்குப் பக்கத்தில இருக்கிற டிட்பின்பில்லா ஸ்டேசன். போகலாம், தாராளமாப் போகலாம், உள்ள போகக் காசும் இல்ல. சந்தியில நிண்டு ஒவ்வொருத்தருக்கும் சொல்லி வாய் நோகுது, அதால எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிப் போடுறன். ஆஸ்திரேலியாவில பிள்ளையளோ சகோதரங்களோ இருந்து லீவுக்குப் போற ஊர் ஆக்களுக்குத்தான் இது.

முதல்ல ஒண்டு. ஒண்டும் தெரியாமப் போனா அது ஒரு வெள்ளை டிஷ், புல்லுக்கு நடுவில சும்மா நிக்கும், அவ்வளவுதான். பிள்ளையள் 20 நிமிசத்தில "அப்பா போவமா" எண்டு தொடங்கிடுவினம். இந்தப் பயணத்தில பாதி வேலையை ட்ரிங்கோவிலயே முடிச்சுப் போட்டுத்தான் பிளேன் ஏற வேணும்.

அது என்ன இடம்

கன்பரா நகரத்தில இருந்து தென்மேற்கா 35 கிலோமீட்டர் போனா டிட்பின்பில்லா எண்டொரு பள்ளத்தாக்கு. அங்க 1965 மார்ச் 19ல திறந்ததுதான் இந்த ஸ்டேசன், நாசாவின்ர வேலை, நடத்துறது ஆஸ்திரேலியாவின்ர அரசாங்க விஞ்ஞான நிறுவனம் சிஎஸ்ஐஆர்ஓ. தூரத்தில திரியிற விண்கலங்களோட கதைக்கிறதுக்கு உலகத்தில மூண்டு இடத்தில நாசா இப்பிடி ஸ்டேசன் வச்சிருக்கு, கலிபோர்னியாவில கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில மட்ரிட்டுக்குப் பக்கத்தில ஒண்டு, மற்றது இது. மூண்டையும் டீப் ஸ்பேஸ் நெட்வேர்க் எண்டு சொல்லுவினம், சுருக்கமா டிஎஸ்என். பூமி சுத்திக்கொண்டே இருக்கிறதால ஒரு இடத்துக்கு விண்கலம் மறையேக்குள்ள அடுத்த இடம் பிடிச்சுக்கொள்ளும், அதுக்காகத்தான் உலக உருண்டையை ஏறக்குறைய மூண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருக்கினம்.

ஏன் பள்ளத்தாக்கு எண்டு மகள் கேட்டவ. எங்கட உட்துறைமுகத்தைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினனான். சுத்திவர மலை இருக்கிறதால காத்தும் அலையும் உள்ள வராது எண்டுதானே வெள்ளைக்காரன் கப்பல் எல்லாத்தையும் அங்க கொண்டுவந்து விட்டவன். அதே கணக்குத்தான் இங்கயும், மலை மறிக்கிறது அலையை இல்ல, நகரத்தில இருந்து வாற ஃபோன், ரேடியோ இரைச்சலை. எங்கட ஊரில டொய்ச்ச வெல்ல ரேடியோக்காரர் ரிலே ஸ்டேசன் வச்சிருந்தது பழைய ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், அது கத்துற இடம். இது காது குடுத்துக் கேக்கிற இடம், அதால சுத்திவர அமைதி வேணும்.

படி 1: ட்ரிங்கோவில செய்ய வேண்டியது (இதை விட்டிட்டுப் போகாதேங்கோ)

போறதுக்கு ரெண்டு மூண்டு கிழமைக்கு முன்னமே தொடங்குங்கோ. முதல்ல பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி உங்கட வீட்டு ரீவி டிஷ்ஷைக் காட்டுங்கோ. அது அசையிறேல்ல, ஒரே பக்கம் பாத்துக்கொண்டே நிக்கும், ஏன்? ஏனெண்டா அது பாக்கிற சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேல கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில பூமி சுத்துற அதே வேகத்தில சுத்துது, எங்களுக்கு ஒரே இடத்தில நிக்கிற மாதிரித் தெரியும். இப்பிடி மூண்டு சாட்டிலைட்டை வச்சா முழு உலகத்துக்கும் செய்தி அனுப்பலாம் எண்டு 1945லயே எழுதிப் போட்டவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி கிளார்க். அதே மனுசன்தான் 1950களில இங்க வந்து, கோணேசர் மலைக்குக் கீழ கடலுக்குள்ள சுழியோடி, போர்த்துக்கேயர் இடிச்சுத் தள்ளின பழைய கோயிலின்ர கல்லுகளைப் பாத்தவர். இதை நான் கோயிலடியில வச்சு, இராவணன் வெட்டுப் பக்கம் நிண்டு கீழ கடலைக் காட்டித்தான் பிள்ளையளுக்குச் சொன்னனான், அண்டைக்குப் பிறகு மகன் கூரை டிஷ்ஷைப் பாக்கிற பார்வையே வேற.

அடுத்தது ஐஎஸ்எஸ், சர்வதேச விண்வெளி நிலையம். எப்ப எங்கட ஊருக்கு மேலால போகும் எண்டு நாசாவின்ர ஸ்பொட் த ஸ்டேசன் ஆப்பில பாக்கலாம், விடியப்புறமோ பொழுதுபட்ட பிறகோதான் தெரியும். டச் பே கடற்கரைக்குப் போங்கோ, உப்புவெளிப் பக்கம் வேண்டாம், அங்க ஹோட்டல் லைட்டுகள் கூட. மினுங்காம, சத்தமில்லாம, ஒரு வெள்ளிப் பொட்டு வானத்தைக் கடக்கும், நாலஞ்சு நிமிசத்தில முடிஞ்சிடும், கண்ணாடி குழாய் ஒண்டும் தேவையில்ல. ஆனா ஒரு விசயம் பிள்ளையளுக்குத் தெளிவாச் சொல்லிப் போடுங்கோ, இது 400 கிலோமீட்டர் உயரத்திலதான், பக்கத்து வீடு மாதிரி, டிட்பின்பில்லாவின்ர வேலை இதுக்கு இல்ல. அங்க கேக்கிறது சந்திரனுக்கும் அங்கால, செவ்வாய், வியாழன், அதுக்கும் அங்கால போன ஆக்களின்ர குரல்.

கடைசியா, இது முக்கியம், நாசாவின்ர டிஎஸ்என் நவ் எண்ட பக்கத்தை ஃபோனில திறந்து பிள்ளையளுக்குப் பழக்குங்கோ. மூண்டு ஸ்டேசனின்ர டிஷ் எல்லாம் படமா நிக்கும், எந்த டிஷ் எந்த விண்கலத்தோட கதைக்குது எண்டு அந்த நேரமே காட்டும். 34, 35, 36, 43 எண்டு நம்பர் போட்டதுதான் கன்பரா டிஷ்ஷுகள். மகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்து கொப்பியில எழுதி வைப்பா, 43 வொயேஜர், 36 செவ்வாய், 34 சும்மா நிக்குது எண்டு. அங்க போய் நிக்கேக்குள்ள அவவுக்கு அந்த நாலு டிஷ்ஷும் பேர் தெரிஞ்ச ஆக்கள் மாதிரி. இதை ஏன் இங்கயே செய்யச் சொல்லுறன் எண்டா அங்க ஃபோன் பாவிக்கேலாது, அதைக் கீழ சொல்லுறன்.

படி 2: வொயேஜர் கதை (பிளேனில சொல்லுறதுக்கு)

கொழும்பில இருந்து சிட்னிக்கோ மெல்பேனுக்கோ நேர பிளேன் இருக்கு, பத்துப் பதினொரு மணித்தியாலம், கதை சொல்ல நல்ல நேரம். 1977ல ரெண்டு விண்கலம் அனுப்பினவை, வொயேஜர் 1, வொயேஜர் 2. ரெண்டாவது 1989ல நெப்டியூனைத் தாண்டேக்குள்ள தெற்குப் பக்கமாத் திரும்பிப் போட்டுது. அதால வடக்கில இருக்கிற கலிபோர்னியாவுக்கும் ஸ்பெயினுக்கும் அது எட்டாது, அதுக்குக் கட்டளை அனுப்புறதுக்கு உலகத்திலயே ஒரே ஒரு டிஷ்தான், கன்பராவில நிக்கிற 43. தூரம் இப்ப 2100 கோடி கிலோமீட்டர் அளவில. ஒளி வேகத்தில போற செய்திக்கே ஒரு வழிக்கு பத்தொன்பதரை மணித்தியாலம், நீங்கள் ஒண்டு கேட்டா மறுமொழி வர 39 மணித்தியாலம். அங்க இருந்து அனுப்புற சக்தி 20 வொட்ஸ் கிட்ட, ஃப்ரிட்ஜுக்குள்ள எரியிற சின்ன பல்ப்தான்.

2023 ஜூலையில அனுப்பின ஒரு கட்டளை பிழைச்சு வொயேஜர் 2இன்ர அன்ரெனா பூமியை விட்டு 2 பாகை விலகிப் போட்டுது, கதை பேச்சே நிண்டு போச்சு. பிறகு ஆகஸ்ட் தொடக்கத்தில கன்பரா டிஷ்ஷால பலமா ஒரு கட்டளையைக் கத்தி அனுப்பினவை, போய்ச் சேந்துதோ இல்லையோ எண்டு 37 மணித்தியாலம் (அப்ப தூரம் கொஞ்சம் குறைவு) காத்துக்கொண்டிருந்து, பிறகுதான் மறுமொழி வந்தது. எங்கட அம்மா இதைக் கேட்டிட்டு "கட்டாருக்குப் போன பெடியன் ஃபோன் எடுக்காட்டித் தாய் பாக்கிற மாதிரித்தான்" எண்டா. அதை விட நல்லா நான் விளங்கப்படுத்தேலாது.

வொயேஜரில ஒரு தங்க ரெக்கோர்ட் இருக்கு, 55 மொழியில வணக்கம் சொல்லி. சிங்களத்தில இருக்கு, தெலுங்கில இருக்கு, கன்னடத்தில இருக்கு, தமிழில இல்ல. ஏனெண்டு என்னைக் கேளாதேங்கோ, மகள் கேட்டு நான் முழிச்சதே போதும்.

படி 3: சாமான் கட்டுறது

ஆகஸ்டில போனா அங்க குளிர்காலம். இஞ்ச வேர்த்து ஒழுகேக்குள்ள ஜாக்கெட் வாங்கிறது விசர் வேலை மாதிரித் தெரியும், ஆனா கன்பராவில காலமை கார்க் கண்ணாடியில ஐஸ் பிடிச்சுக் கிடக்கும், மச்சான் அதைச் சுரண்டிப் போட்டுத்தான் கார் எடுத்தவர். அம்மாவுக்குக் குல்லாவும் ரெண்டு சோடி சொக்ஸும் கட்டாயம். டிசம்பரில போறீங்கள் எண்டா கோடை, தொப்பியும் தண்ணிப் போத்தலும் காணும், வெயில் எங்கட வெயிலை விடக் குத்தும்.

மாசி, கருவாடு, மிளகாய்த்தூள் கொண்டு போற ஆக்கள் பிளேனில தாற கார்டில உணவுச் சாமான் இருக்கெண்டு உள்ளதை உள்ளபடி போடுங்கோ. போட்டா பாத்திட்டு விடுவினம், இல்லாட்டி எடுத்து எறிவினம், அதோட முடியும். ஒளிச்சுக் கொண்டு போய்ப் பிடிபட்டாத்தான் கனக்கக் காசு கட்ட வேண்டி வரும்.

படி 4: போற வழி

பஸ், ரெயின் ஒண்டும் அங்க போகாது, கார் வேணும். சிட்னியில தங்கி நிண்டா காரில கன்பராவுக்கு மூண்டு மணித்தியாலம், ஒரே நாளில போய் வாறது பிள்ளையளுக்குக் களைப்பு, முதல் நாள் இரவே கன்பராவில தங்குறது நல்லம். கன்பராவில இருந்து கொட்டர் ரோட், பிறகு பெடிஸ் ரிவர் ரோட், பிறகு டிஸ்கவரி டிரைவ், முக்கால் மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம். காலமை 9 மணிக்குத் திறந்து பின்னேரம் 5 மட்டும், கிறிஸ்மஸ் அண்டைக்கு மட்டும்தான் பூட்டு. எண்டாலும் போறதுக்கு முதல் நாள் அவையளின்ர வெப்சைட்டை ஒருக்காப் பாருங்கோ.

மெப்பை முதலே டவுன்லோட் பண்ணி வையுங்கோ, நகரம் தாண்டக் கொஞ்ச நேரத்தில சிக்னல் போயிடும். நாங்கள் அதைச் செய்யேல்ல. ஒரு சந்தியில நிண்டு நானும் மச்சானும் இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டு கால் மணித்தியாலம் வாதாடி, கடைசியில பின்சீற்றில இருந்த மகள்தான் "அங்க போர்ட் இருக்கு" எண்டு காட்டினவ. ஸ்டேசனுக்குக் கிட்டப் போகேக்குள்ள ஃபோனை ஒஃப் பண்ணச் சொல்லி அறிவித்தலும் இருக்கும், ஒஃப் பண்ணுங்கோ இல்லாட்டி ஃப்ளைட் மோடில போடுங்கோ, ஃபோட்டோ அதிலயும் எடுக்கலாம். 2100 கோடி கிலோமீட்டர் தூரத்து ஃப்ரிட்ஜ் பல்ப்பைத் தேடுற காதுக்குப் பக்கத்தில நிண்டு வட்சப் பாக்கிறது நல்லா இல்லத்தானே.

இன்னொண்டு, வழியில கங்காரு. எங்கட பிள்ளையள் கோட்டைக்குள்ள மானுக்கு வாழைப்பழத்தோல் குடுத்து வளந்த பிள்ளையள், மான் பஸ் ஸ்டாண்ட் மட்டும் வந்து கடதாசி தின்னுற ஊர். அதே நினைப்பில மகன் கதவைத் திறந்து இறங்கப் பாத்தவன். விடாதேங்கோ. பெரிய கங்காரு காலால உதைச்சா வயிறு கிழியும் எண்டு மச்சான் சொன்ன பிறகுதான் கதவைப் பூட்டினவன்.

படி 5: உள்ள போன பிறகு, இந்த ஒழுங்கில பாருங்கோ

எல்லாரும் குளிருக்குப் பயந்து நேர கட்டிடத்துக்குள்ள ஓடுவினம். நீங்கள் முதல்ல வெளியில நில்லுங்கோ. டிஷ்ஷுகள் இருக்கிற பக்கம் வேலிக்கு அங்கால, கிட்டப் போகேலாது, ஆனா 43ஐப் பாக்கக் கிட்டப் போகவும் தேவையில்ல. அகலம் 70 மீட்டர். மக்கெய்சர் ஸ்டேடியத்தில ஃபுட்போல் விளையாடுற ஆக்களுக்குச் சொன்னா விளங்கும், ஃபுட்போல் திடலின்ர அகலம் அவ்வளவுதான், அதைக் கிண்ணம் மாதிரி வளைச்சுத் தூக்கி நிமித்தி வச்சா எப்பிடி இருக்கும். 1973ல அது 64 மீட்டராத்தான் இருந்தது, வொயேஜர் 2 நெப்டியூனுக்குப் போகேக்குள்ள குரல் கேக்காது எண்டு 1987ல ஓரத்தைக் கூட்டி 70 ஆக்கினவை. அசையிற பாகம் மட்டும் 3000 தொன்னுக்கு மேல, அது மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்கு மேலதான் மிதந்து திரும்புது.

அது திரும்புறதைப் பாக்காம வராதேங்கோ. விண்கலத்தைத் தொடரேக்குள்ள மணிக்கூட்டு முள் மாதிரி, கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஒரு விண்கலத்தை விட்டிட்டு மற்றதுக்கு மாறேக்குள்ள கெதியா அசையும். நாங்கள் போய் அரை மணித்தியாலம் ஒண்டும் நடக்கேல்ல, மனிசி உள்ள போவம் எண்டிட்டா, நான் பிளாஸ்க்கில இருந்து தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறன், அப்ப மகன் மெதுவா "அப்பா, நிழல் போகுது" எண்டான். புல்லில விழுந்து கிடந்த பெரிய நிழல் ஊர்ந்து போகுது, நிமிந்து பாத்தா அவ்வளவு பெரிய சாமான் தலையைச் சாய்ச்சுக்கொண்டு வருது, கோயில் தேர் சந்தியில திரும்புமே, அப்பிடி, ஆனா வடம் பிடிக்க ஆளும் இல்ல, அரோகராவும் இல்ல. தேத்தண்ணி கப் நிறைஞ்சு கையில ஊத்திப் போட்டுது. ஆக, நேரம் எடுத்து நில்லுங்கோ, அவசரப்பட்டா இது கிடையாது. டிஷ் நேர மேல வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா அது வேலை செய்யேல்ல, திருத்த வேலையோ ஓய்வோ, அதைப் பாத்துக் காத்துக்கொண்டு நிக்காதேங்கோ.

பிறகு உள்ள போங்கோ. விண்கலங்களின்ர மொடல், படங்கள், சின்ன வீடியோக்கள், ஒரு கபே. முக்கியமானது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற நிலாக்கல்லு, அப்பலோவில போன ஆக்கள் கொண்டுவந்தது, 380 கோடி வருசப் பழசு. அம்மா கண்ணாடியைப் போட்டுக் கிட்டக் குனிஞ்சு பாத்தா, "இதோ சந்திரன்? அம்மி உடைஞ்ச துண்டு மாதிரி இருக்கு." பிழை இல்ல, அம்மியும் கல்லு இதுவும் கல்லு.

இனி, கனபேர் பாக்காமலே வாற ஒண்டு. பழைய 26 மீட்டர் டிஷ் ஒண்டு அங்க நிக்குது, 2009ல ஓய்வு குடுத்தாச்சு, 70 மீட்டருக்குப் பக்கத்தில பாத்தா ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும். 1969 ஜூலை 21ல நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில கால் வைக்கேக்குள்ள உலகம் ரீவியில பாத்த அந்தப் படத்தைப் பிடிச்சுக் குடுத்தது அந்த டிஷ்தான். அப்ப அது மலைக்கு அங்கால ஹனிசக்கிள் கிரீக் எண்ட இடத்தில நிண்டது, கால் வச்ச அந்தக் கொஞ்ச நிமிசம் அதின்ர படம், பிறகுதான் ஆஸ்திரேலியாவிலயே இருக்கிற பார்க்ஸ் டெலஸ்கோப்பின்ர படத்துக்கு மாத்தினவை. அந்த நேரம் எங்கட நாட்டில காலமை எட்டரை. ரீவி இஞ்ச வந்ததே 1979லதான், 1969ல அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை, பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு முன்னால ஒழுங்கையே கூடி நிண்டதாம், ஆச்சி ஒராள் "நிலவில மிதிச்சா மழை பெய்யாது" எண்டு ஏசினவவாம். நிலாக்கல்லுக்கு ஒரு நிமிசம்தான் குடுத்த அம்மா இந்தப் பழைய டிஷ்ஷுக்கு முன்னால குல்லாவையும் கழட்டிப் போட்டு நிண்டா. நாங்கள் கூப்பிடவும் வரேல்ல, நாங்களும் பிறகு கூப்பிடேல்ல. வயசானவையைக் கூட்டிக்கொண்டு போனா இந்த இடத்தை விட்டிடாதேங்கோ.

எல்லாமாச் சேத்து ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம் காணும்.

படி 6: சாப்பாடும் பின்னேரமும்

கபே இருக்கு, கோப்பி பரவாயில்ல, ஆனா அஞ்சாறு பேருக்குச் சாப்பாடு வாங்கினா கணக்குப் பாக்காதேங்கோ, ரூபாவுக்கு மாத்தினா தொண்டையில இறங்காது. வெளியில இருந்து சாப்பிட இடம் இருக்கு. தங்கச்சி விடியவே எழும்பி புளிச்சாதமும் கட்டுச் சம்பலும் முட்டையும் அவிச்சுக் கட்டிக்கொண்டு வந்தவ, டிஷ்ஷைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டது.

அங்கால கொஞ்சத் தூரத்தில டிட்பின்பில்லா இயற்கைச் சரணாலயம், அதுக்கு காருக்கு இவ்வளவு எண்டு காசு. கோலா, எமு, கங்காரு பாக்கலாம். சின்னப் பிள்ளையள் இருந்தா போங்கோ, வளந்த ஆக்கள் மட்டும் எண்டா ஹனிசக்கிள் கிரீக்குக்குப் போங்கோ, இப்ப அங்க சீமெந்துத் தளம் மட்டும்தான் மிச்சம், எண்டாலும் அந்த டிஷ் நிண்ட இடத்தில ஏறி நிக்கலாம். ரெண்டுக்கும் ஒரே நாளில ஆசைப்படாதேங்கோ. எதுக்குப் போனாலும் பொழுது படுறதுக்கு முதல் திரும்பி றோட்டுக்கு வாங்கோ, மைம்மல் நேரத்திலதான் கங்காரு காருக்குக் குறுக்கால பாயிறது, குளிர்காலத்தில அஞ்சு மணிக்கே இருட்டத் தொடங்கும்.

படி 7: 39 மணித்தியாலக் கணக்கு

இது பிள்ளையளுக்கு ஒரு விளையாட்டு. 43க்கு முன்னால நிண்டு வொயேஜருக்கு ஏதாவது கத்தச் சொல்லுங்கோ, நேரத்தைக் குறிச்சு வையுங்கோ, அது நிசமாப் போனா மறுமொழி எப்ப வரும் எண்டு அவையே கணக்குப் பாக்கட்டும். மகள் வெக்கப்பட்டுக் கத்தேல்ல. மகன் காலமை 11.30க்கு, வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, "சாப்பிட்டியா" எண்டு கத்தினவன். 39ஐக் கூட்டினா மூண்டாம் நாள் விடியப்புறம் 2.30. என்னை எழுப்புங்கோ எண்டு படுக்கப் போகேக்குள்ள மூண்டு தரம் சொன்னவன். நானும் ஓம் ஓம் எண்டு போட்டு நித்திரையாப் போனன். விடிய எழும்பி மத்தியானம் மட்டும் என்னோட கதைக்கேல்ல. நீங்கள் அலாரம் வச்சுப் போட்டுப் படுங்கோ.